வெண்புள்ளி சுருங்குகிறதா, பரவுகிறதா? கைபேசிப் படத்தில் அளக்கும் முறை

கேள்வி: எங்கள் மகளுக்கு 9 வயது. வலது முழங்காலில் வெண்புள்ளி இருக்கிறது. இரண்டு மாதமாகப் புற ஊதா ஒளிச் சிகிச்சை நடக்கிறது. வாரந்தோறும் கைபேசியில் படம் எடுக்கிறேன். ஒரு வாரம் சுருங்கியதுபோலவும் அடுத்த வாரம் பரவியதுபோலவும் தெரிகிறது. சரியாக அளக்க வழி உண்டா?

பதில்: வெண்புள்ளி வாரத்துக்கு வாரம் இப்படிச் சுருங்கி விரிவதில்லை. கேமரா இருந்த இடம்தான் மாறியிருக்கும். கைபேசியைச் சற்று நெருக்கிப் பிடித்ததில் படத்தில் நீளம் 10 சதவீதம் கூடினால், பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். சாய்த்துப் பிடித்தால் நேர்மாறு: 30 டிகிரி சாய்வில் பரப்பு சுமார் 13 சதவீதம் குறைவாகத் தெரியும். நீங்கள் மகிழ்ந்த வாரங்களிலும் கலங்கிய வாரங்களிலும் சில இப்படி வந்தவையாக இருக்கலாம்.

ஆகவே புள்ளியை ஒட்டி, அதே மட்டத்தில், அளவு தெரிந்த ஒரு பொருளும் படத்தில் இருக்க வேண்டும். 2 செ.மீ. விட்டமுள்ள, பளபளப்பில்லாத காகித வட்டம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்கேலைவிட வட்டம் மேல். கேமரா சாய்ந்தால் வட்டம் முட்டை வடிவமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் படத்தை அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். வட்டமாகத்தானே இருக்கிறது என்று ஸ்டிக்கர் பொட்டை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். சில பொட்டுகளின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் தோலின் நிறமி செல்களையே அழிக்கக்கூடியது. நெற்றியில் பொட்டு வைத்த இடம் வெளுத்துப்போய் வருபவர்களைத் தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறோம். வேறு பசையும் வேண்டாம். ஒட்டி இழுக்கும் காயம்கூடப் புதுப் புள்ளியைத் தூண்டலாம். காகிதத்தின் ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டால் போதும்.

ஒரே ஜன்னலோரம், ஏறத்தாழ ஒரே நேரம், ஃப்ளாஷ் கூடாது, கைபேசியின் அழகூட்டும் வசதியை அணைத்துவிட வேண்டும். ஒளிச் சிகிச்சைக்குப் போகும் முன்பே எடுங்கள். போய்வந்தபின் புள்ளி சிவந்திருக்கும். இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. சிகிச்சையின் தொடக்க மாதங்களில் சுற்றியுள்ள நல்ல தோல் கறுக்கும். அதனால் புள்ளி முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். இதைப் பார்த்துப் பயந்து சிகிச்சையைப் பாதியில் நிறுத்துகிற பெற்றோர் உண்டு. பரப்பை அளந்து பார்த்தால் அது கூடவே இல்லை என்பது தெரிந்துவிடும்.

அளப்பதற்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவான இமேஜ் ஜே என்ற இலவசக் கணினி மென்பொருள் போதும். படத்தில் காகித வட்டத்தின் குறுக்கே கோடு இழுத்து, அது 20 மி.மீ. என்று பதியுங்கள். அந்தக் கோடு 400 பிக்சல் என்றால், 1 சதுர மி.மீ.க்கும் 400 பிக்சல் வரும். பிறகு புள்ளியின் ஓரத்தை மவுஸால் வரையுங்கள். உள்ளே 2,40,000 பிக்சல் இருந்தால் பரப்பு 600 சதுர மி.மீ., அதாவது 6 சதுர செ.மீ. கணக்கை மென்பொருளே போட்டுவிடும். மறுநாள், முதல் விடையைப் பார்க்காமல் அதே படத்தை மறுபடியும் அளங்கள். இரண்டுக்கும் 5 சதவீதம் வித்தியாசம் வந்தால் அது உங்கள் கைப்பிழை. ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் இடையே அதைவிடக் குறைவாக வரும் எதையும் மாற்றமாக எண்ணாதீர்கள்.

முழங்காலில் ஒரு சிக்கல் இருக்கிறது. வளைந்த இடத்தின் ஓரங்கள் படத்தில் ஒடுங்கிவிடும். எனவே, ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை முழங்காலில் படியவைத்து, புள்ளியின் ஓரத்தை அதன்மேல் மார்க்கரால் வரைந்துகொள்ளுங்கள். தாளை வெள்ளைக் காகிதத்தில் விரித்து, வட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கிராஃப் தாளின் மேல் வைத்துக் கட்டங்களை எண்ணினாலும் சரிதான். பழைய முறை, ஆனால் மூட்டுப் பகுதிகளுக்கு நான் நம்புவது இதைத்தான். காலை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மடக்கச் சொல்லுங்கள், தோல் இழுபட்டால் பரப்பும் கூடும்.

மருத்துவரின் கோப்பில் ‘வாசி’ என்று ஓர் எண் இருந்தால் அதோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம். அது 2004இல் அறிமுகமான மதிப்பெண். விரல்களோடு சேர்ந்த உள்ளங்கையை உடற்பரப்பில் சுமார் 1 சதவீதமாகக் கொண்டு, எத்தனை கையளவு, அதில் எவ்வளவு நிறம் போயிருக்கிறது என்று பெருக்கிப் போடுவது. உடல் முழுவதற்கும் அது உதவும். ஒரே ஒரு புள்ளியின் சிறு மாற்றத்தை அதில் பிடிப்பது கடினம்.

மாதம் ஒரு முறை அளந்தால் போதும். ஒளிச் சிகிச்சையின் பலனை மூன்று மாதத்துக்கு முன் எடைபோட முடியாது. ஆண்டுக்கணக்கில் ஒப்பிடும்போது மகளின் வளர்ச்சியையும் நினைவில் வையுங்கள்: 130 செ.மீ. உயரமுள்ள குழந்தை 5 செ.மீ. வளர்ந்தால், பரவாத புள்ளியும் தோலோடு சேர்ந்து ஏறத்தாழ 8 சதவீதம் பெரிதாகியிருக்கும்.

வெளிக்கோட்டை மட்டும் பார்த்தால் நல்ல செய்தி தவறிப்போகலாம். நிறம் பல சமயம் மயிர்க்கால்களைச் சுற்றிப் பழுப்புப் பொட்டுகளாகத்தான் திரும்பும். ஓரம் அசையாமல் உள்ளே பாதி நிறைந்திருக்கும். அந்தப் பொட்டுகளைத் தனியே அளந்து கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் புள்ளியின் ஓரத்திலோ வேறிடத்திலோ கடுகளவு வெள்ளைப் பொட்டுகள் கூட்டமாகத் தோன்றினால், நோய் வேகமாகப் பரவுவதன் அறிகுறி அது. அப்போது அளந்துகொண்டிருக்க வேண்டாம். அன்றே ஒரு படம் எடுத்து, அடுத்த தேதிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.