லண்டன் பப்பை நடத்துபவரை ஏன் 'லேண்ட்லார்ட்' என்கிறார்கள்?

இங்கிலாந்தில் உரிமம் வாங்கி பப் நடத்துபவர்தான் 'லேண்ட்லார்ட்'. அந்தக் கால விடுதிகளில் பீரோடு தங்க அறையும் கிடைத்தது. இடம் தருபவர் என்ற பொருளில் வந்த பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் பல பப்களில் கட்டடம் பீர் ஆலைக்குச் சொந்தம். இவர் அதற்கு வாடகை கட்டி, அந்த ஆலையின் சரக்கையே வாங்கி விற்பார். கிட்டத்தட்ட பெட்ரோல் பங்க் டீலர் மாதிரி.

உரிமதாரர் பெயரை வாசலுக்கு மேலே சின்ன எழுத்தில் எழுதிவைப்பார்கள். 2005இல் புதிய சட்டம் வரும்வரை அது கட்டாயம். ஃப்ளீட் தெருவில் 'ஓல்டு செஷர் சீஸ்' பப் வாசலிலோ அந்தப் பப் இருந்த காலத்தில் ஆண்ட மன்னர்கள், ராணிகளின் பட்டியல் பலகை. (பப்பை நடத்தியவர்கள் பட்டியல் இருந்தால் இன்னும் சுவாரசியம்!)

அங்கே போட்டிருக்கும் 1667 என்பது பப் தொடங்கிய ஆண்டு அல்ல. 1666இல் லண்டனை அழித்த பெருந்தீயில் எரிந்தபின் திரும்பக் கட்டிய ஆண்டு அது.