நீரில்லாத நாட்டில் சைக்கிள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகள், வரும் மே மாதம் என்னையும் என் மனைவியையும் தெற்கு இத்தாலிக்கு அழைத்துச் செல்லப்போவதாகச் சொல்கிறாள். மத்தேராவில் தொடங்கி லெச்சேயில் முடியும் ஒரு வாரச் சைக்கிள் சுற்றுலா. முன்னால் வழிகாட்டி போவார், பெட்டிகள் வேனில் வரும், இரவு பழைய பண்ணைவீடுகளில் தங்கல். இளமையில் சைக்கிளில் வேலைக்குப் போனவன் நான். அதையே இவ்வளவு பணம் கொடுத்து வெளிநாட்டில் செய்வது, கஷ்டப்படுவதுபோல் நடிப்பதாகாதா? அதே செலவில் ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ் பார்த்துவிடலாமே? வெறும் விவசாய நிலத்தில் பார்க்க என்ன இருக்கிறது? என் மனைவி சைவம். எனக்கு முழங்கால் வலி உண்டு. நீங்கள் அந்தப் பக்கம் போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

நடிப்புதான், சந்தேகமே வேண்டாம். பெட்டியை வேனில் ஏற்றிவிட்டு, பஞ்சர் ஒட்டவும் ஆள் வைத்துக்கொண்டு மிதிப்பவரை யாரும் யாத்திரிகர் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் குளிரூட்டிய பஸ்ஸில் உட்கார்ந்து ரோமைப் பார்ப்பது மட்டும் எந்த வகைத் தவம்? சுற்றுலா என்று கிளம்பியபின் இந்தக் கூச்சத்தை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள். உங்கள் வழியில் பெரும்பகுதி வரும் பூலியா மாநிலத்தைப் பார்க்கச் சைக்கிள் ஏற்ற வாகனமா என்று மட்டும் கேளுங்கள். மிகவும் ஏற்றது. அங்கே பார்க்கவேண்டியவற்றில் பாதி, ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

இத்தாலியக் காலணியின் குதிகால் என்று பள்ளியில் படித்திருப்பீர்களே, அதுதான் பூலியா. அடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழையைப் பாறை உறிஞ்சிக்கொள்ளும், ஆறாக ஓட விடாது. ரோமானியக் கவிஞர் ஹொராஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்திசித் துறைமுகத்துக்குப் போன வழியில் கண்ட ஓர் ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார்: தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கவேண்டிய ஊர், ஆனால் ரொட்டி பிரமாதம், விவரம் தெரிந்த பயணி அதைத் தோளில் சுமந்துகொண்டு போவான் என்று. நீங்கள் போகும் சுற்றுலாவின் விளம்பரத்தாளில் எத்தனை பக்கம் இருந்தாலும் சரி, சாரம் இவ்வளவுதான். அங்கே பாரம்பரியம் என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி, தண்ணீரும் காசும் இல்லாத குடியானவர்கள் கண்டுபிடித்த வழிகள்.

வயல் வரப்புச் சுவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பயிர் வைக்க மண் வேண்டுமானால் முதலில் கல்லைப் பொறுக்கி எடுக்கவேண்டும். பொறுக்கிய கல்லைப் போட இடமில்லாமல் சுவராக அடுக்கினார்கள். இரண்டு பக்கமும் பெரிய கற்கள், நடுவே பொடிக்கல், மேலே பட்டைக்கல். சாந்து கிடையாது. பஸ்ஸிலிருந்து பார்த்தால் இது வெள்ளைக் கோடாக ஓடிப்போகும். சைக்கிளில் போகும்போது கல்லிடுக்கில் கேப்பர் செடி முளைத்திருப்பதும், சரிந்த இடத்தை யாரோ புதுக்கல் வைத்துத் தூக்கியிருப்பதும் தெரியும். சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை, இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் பொதுச் சொத்தாக 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது.

அல்பெரோபெல்லோவின் கூம்புக்கூரை வீடுகளும் இதே கைவேலைதான். ட்ருல்லோ என்பார்கள். புதிதாக ஓர் ஊர் எழுப்பினால் நேப்பிள்ஸ் அரசுக்கு வரி கட்டவேண்டும். அந்த வட்டாரத்துப் பிரபு, வரி கட்டாமலிருக்க, குடியானவர்களைச் சாந்தில்லாமல் வீடு கட்டச் செய்தார். அதிகாரி வருகிறார் என்றால் பிரித்துப் போட்டுவிடலாம். 1797இல் மன்னர் ஃபெர்டினாண்ட் அந்த ஊரைப் பிரபுவின் பிடியிலிருந்து விடுவித்தார். இன்று அது உலகப் பாரம்பரியச் சின்னம், தெருவெல்லாம் பொம்மைக் கடை. அங்கே ஒரு மணி நேரம் போதும். அதற்குப் பதிலாக லோக்கோரோத்தோந்தோவுக்கும் சிஸ்தெர்னினோவுக்கும் நடுவே திராட்சைத் தோட்டத்தில் தனியாக நிற்கும் ஒரு ட்ருல்லோவின் கூரையைக் கவனியுங்கள். கூரையில் விழும் மழை வழிந்து வீட்டுக்கடியிலுள்ள தொட்டிக்குப் போகும்.

இந்த ஊர்கள் இருக்கும் பள்ளத்தாக்கில் உங்கள் குழு அநேகமாக ஒரு சரளைப் பாதையில் இறங்கும். கீழே ஓடுவது பூலியாவின் நீர்க்கால்வாய். மலைக்கு அந்தப் பக்கம் மேற்குக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த செலே ஆற்றின் ஊற்றைக் கபோசெலே என்ற ஊரில் மடக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். வேலை 1906இல் தொடங்கியது, பாரி நகரத்துக்குத் தண்ணீர் 1915இல் வந்தது, பிறகு குதிகாலின் நுனிவரை நீண்டது. கால்வாயைப் பராமரிப்பவர்களுக்காகப் போட்ட பாதையில்தான் இப்போது பல இடங்களில் சைக்கிள் விடுகிறார்கள். மோட்டார் வண்டி கிடையாது, ஏற்றமும் பேருக்குத்தான். உங்கள் முழங்கால் வாழ்த்தும்.

இனி மத்தேரா. மாநிலக் கணக்கில் அது பூலியாவைச் சேர்ந்ததல்ல, பக்கத்துப் பசிலிக்காத்தாவைச் சேர்ந்தது. பள்ளத்தாக்கின் ஓரத்தில் பாறையைக் குடைந்த வீடுகள் அடுக்கடுக்காக, ஒரு வீட்டின் கூரை மேல்வீட்டுக்குத் தெருவாக நிற்கும். அங்கேதான் குடும்பமும் கோவேறு கழுதையும் கோழியும் ஒரே குகையில் படுத்தன. மலேரியா, குழந்தை மரணம், கழிவுநீர். 1948இல் கம்யூனிஸ்ட் தலைவர் தொல்யாத்தி இதை நாட்டுக்கே அவமானம் என்றார். பிரதமர் தெ கஸ்பெரி நேரில் வந்து பார்த்தார். 1952இல் சட்டம் போட்டு, ஏறக்குறைய 15,000 பேரைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். காலியான குகைகள் 1993இல் உலகப் பாரம்பரியம் ஆயின, 2019இல் ஊர் ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகர் ஆனது. இன்று அந்தக் குகைகள் சிலவற்றில் நீங்கள் ஓர் இரவு தங்கக் கொடுக்கும் வாடகையை, அங்கே பிறந்து வளர்ந்தவரின் தகப்பனார் ஒரு வருடத்திலும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் செரிக்கவேண்டிய இடம் இதுதான். குகை அழகு, விளக்கொளி அழகு என்று மட்டும் சொல்கிறவர் என்றால் அவரை விட்டுவிட்டு நீங்களே நடந்து பாருங்கள்.

நடக்கும்போது இரண்டைத் தவறவிடாதீர்கள். ஒன்று, ஊர்ச் சதுக்கத்துக்கு அடியிலுள்ள பெரிய தண்ணீர்த் தொட்டி. உள்ளே இறங்கினால் கோயில் மண்டபம்போல் தூண்கள், சுவரில் நீர் நின்ற மட்டம் கோடுகோடாகத் தெரியும். சுமார் ஐம்பது லட்சம் லிட்டர் பிடிக்குமாம். மற்றொன்று, மரத்தில் செதுக்கிய ரொட்டி முத்திரைகள். ஊருக்குப் பொதுவான அடுப்பில் எல்லார் மாவும் வெந்ததால், கலந்துபோகாமலிருக்க மாவின் மேல் குடும்ப எழுத்தைக் குத்தி அனுப்பினார்கள். கைப்பிடியில் சேவல், ஆடு என்று செதுக்கியிருப்பார்கள். அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், கடையிலும் விற்கிறார்கள்.

விளம்பரப் படங்களில் வரும் முறுக்கேறிய ஆலிவ் மரங்கள் பெரும்பாலும் ஒஸ்தூனி, ஃபசானோ பக்கத்தவை. ஆயிரம் வருடத்து மரம் என்பார்கள், அடிமரத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும். அங்கிருந்து தெற்கே லெச்சேயை நோக்கி மிதிக்க மிதிக்கக் காட்சி மாறும். 2013இல் கல்லிப்போலி அருகே சைலெல்லா என்ற நுண்ணுயிர் கண்டறியப்பட்டது. எச்சில்போல் நுரைகட்டும் ஒரு சிறு பூச்சி அதை மரத்துக்கு மரம் எடுத்துச் செல்கிறது. தண்டுக்குள் நீர் ஏறும் குழாய்கள் அடைபட்டு மரம் நின்றபடியே காயும். லட்சக்கணக்கான மரங்கள் போய்விட்டன. சாலையின் இருபுறமும் சாம்பல்நிறக் கிளைகள், இடையில் நோயைத் தாங்கும் லெச்சீனோ, ஃபவோலோசா ரகங்களின் இடுப்பளவுக் கன்றுகள். சில நிறுவனங்கள் இந்தப் பகுதியை வேனில் ஏற்றிக் கடத்திவிடும், விருந்தாளியின் மனம் சுருங்கக் கூடாதாம். பணம் கட்டுமுன் மகளைவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்: காய்ந்த தோப்புகள் வழியாகவும் சைக்கிளில் போகிறோமா? மழுப்பினால் வேறு நிறுவனம் பாருங்கள்.

உங்கள் மனைவிக்கு அந்த நாடு மிகவும் ஒத்துவரும். இறைச்சி வாங்க வசதியில்லாதவர்களின் சமையல் அது. தோலுரித்த உலர்ந்த ஃபாவா அவரையைக் குழைய வேகவைத்து, மரக்கரண்டியால் அடித்துக் கூழாக்கி, மேலே வெந்த சிக்கரிக் கீரையும் பச்சை ஆலிவ் எண்ணெயும் விடுவார்கள். நம் காபித்தூளில் வேரைக் கலக்கிறோமே, அந்தச் சிக்கரியின் இனம்தான், சுள்ளென்று கசக்கும். ஃப்ரிசெல்லா என்று இரண்டு முறை சுட்ட கடும் ரொட்டி, தண்ணீரில் ஒரு முக்கு முக்கித் தக்காளியைத் தேய்த்துத் தின்னலாம். அல்தமூரா ரொட்டியின் மேலோடு பல்லைச் சோதிக்கும், உள்ளே மஞ்சளாக மெத்தென்றிருக்கும். பாரியில் விமானம் இறங்கினால் பழைய நகரச் சந்துக்குப் போங்கள். வாசலில் மேசை போட்டுப் பெண்கள் ஒரெக்கியெத்தே என்ற பாஸ்தா செய்வார்கள். ரவை மாவும் தண்ணீரும் மட்டும், முட்டை சேர்ப்பதில்லை. சுண்டுவிரல் கனத்தில் உருட்டிய மாவில் ஒரு துண்டு நறுக்கி, மழுங்கிய கத்தியால் பலகையில் இழுத்தால் சுருளும், அதைக் கட்டைவிரல் நுனியில் கவிழ்த்தால் குட்டிக் காது தயார். கண் அங்கே இருக்கும்போதே நாலைந்து விழுந்துவிடும்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. அந்தப் பாஸ்தாவை ஒருவகைக் கீரையோடு பரிமாறும்போது நெத்திலியை எண்ணெயில் கரைத்துவிடுவது வழக்கம், கண்ணுக்குத் தெரியாது. சீஸில் பலவற்றைக் கன்றின் வயிற்று நொதியால் உறைய வைக்கிறார்கள். இரண்டையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். பையில் ரொட்டி இருக்கட்டும்.

ரோமும் ஃப்ளோரன்ஸும் எங்கும் போய்விடாது. லெச்சேயில் பயணம் முடிந்ததும் ஒரு நாள் சேர்த்துக்கொண்டு ஒத்ராந்தோவுக்குப் போய்வாருங்கள். பேராலயத் தரை முழுக்கப் பந்தலேயோனே என்ற துறவி 1163 முதல் 1165 வரை பதித்த கற்சித்திரம். நடுவில் உயிர்மரம், அந்த மரத்தைத் தாங்குவது இரண்டு யானைகள். யானையை அவர் நேரில் பார்த்திருப்பாரா என்பதைத் திருச்சிக்காரரான நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

முழங்காலுக்கு மின்சாரச் சைக்கிள் கேளுங்கள், கௌரவம் பார்க்கவேண்டாம். ஒஸ்தூனி, லோக்கோரோத்தோந்தோ எல்லாம் குன்றின் மேல் உட்கார்ந்த ஊர்கள், ஏற்றம் எப்போதும் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் வரும். உங்கள் உயரத்தை முன்பே எழுதினால் இருக்கையைச் சரிசெய்து வைப்பார்கள். மே மாதம் நல்ல தேர்வு. ஜூலை, ஆகஸ்ட் என்றிருந்தால் வேண்டாம் என்றே எழுதியிருப்பேன். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, மகள் வீட்டில் தங்கும் நாட்கள் இத்தாலியில் இருக்கும் நாட்களைவிட அதிகமானால் ஜெர்மனிக்கும், குறைவானால் இத்தாலிக்கும் விண்ணப்பிக்கவேண்டும். ஆறு மாதம் முன்பே வாங்கிக்கொள்கிறார்கள்.