தேய்ந்த தட்டும் தெளிந்த ஒலியும்

கேள்வி: என் தந்தையார் பழைய இசைத்தட்டுகளை இரைச்சலோடு மெய்ம்மறந்து கேட்கிறார், எனக்கோ ஒலித்தெளிவு இல்லாவிட்டால் மனம் ஒன்றுவதில்லை. ஒலிப்பதிவின் தரம் அவசியம்தானா?
— வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1925-க்கு முன், மைக் இல்லாமல் கூம்புக் குழலின் முன் உரக்கப் பாடிப் பதிந்த, பக்கத்துக்கு மூன்று நிமிடம் போல ஓடும் தட்டுகளில்கூடக் குரலின் கமகமும் (ஸ்வரங்களின் அசைவு) பிருகாவும் (வேகமான ஸ்வரச் சுழற்சி) பெரிதும் பிழைத்திருக்கின்றன. தாழ்ந்த ஒலிகளை அக்குழல் சரியாக வாங்காததால், தம்புராவின் நீண்டொலிக்கும் கார்வையும் மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியின் நாதமும்தான் அமுங்கிப்போயின. ராகத்தைப் பின்தொடரும் தந்தையாருக்கு இது பெரிய குறையன்று. தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் லயிப்பவருக்குப் பேரிழப்பு. (இரைச்சலை அடியோடு துடைத்த மறுபதிப்புகளில் குரலின் உயிரும் போய்விடுவதுண்டு, எனக்கு இரைச்சலே மேல்.) தாதர் செல்லும் மின்சார ரயிலில் கேட்பதற்காக மட்டும் உயர்தரக் கோப்புகளை விலைக்கு வாங்காதீர்கள்.