அப்பாவுக்கு 'எதிர்ப்புச் சக்தி' மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. 30 வருடம் தினமும் 15 சிகரெட் பிடித்தவர். 4 வருடங்களுக்கு முன் விட்டுவிட்டார். வயதாக ஆக எதிர்ப்புச் சக்தி குறைவதால்தான் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்கிறார்களே, அதைக் கூட்டும் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வயதானால் எதிர்ப்புச் சக்தி குறைகிறது என்பது பாதி உண்மைதான். நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்குவதால், புற்றணுக்களைக் கொல்லும் டி அணுக்கள் புதிதாக உருவாவது குறைகிறது. ஆனால் மூப்படைந்த எலும்பு மஜ்ஜை வேறு வகை வெள்ளணுக்களை அதிகமாக உற்பத்தி செய்கிறது. அவை நுரையீரலுக்குப் போய் மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கணுக்களாகி, அழற்சியைத் தூண்டி, டி அணுக்களை அடக்கிவிடுகின்றன. கட்டிக்கு இதைவிட வசதி வேண்டுமா! 2024இல் வெளியான எலி ஆய்வில், முதிய எலியின் மஜ்ஜையைப் பெற்ற இளம் எலிகளிடம் நுரையீரல் கட்டி வேகமாக வளர்ந்தது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 என்ற புரதத்தின் சமிக்ஞையை ஆரம்பத்திலேயே தடுத்தபோது அந்த வேகம் குறைந்தது. ஆக, கோளாறு பலவீனம் மட்டுமல்ல. தவறான பக்கம் திரும்பிய பலமும்தான். 'கூட்டும்' மாத்திரை அதைச் சரிசெய்யாது.

அந்த அழற்சியைத் தடுக்கும் ஊசியைக் கேட்டும் அலைய வேண்டாம். இன்டர்லூக்கின்-1இன் ஒரு வகையைத் தடுக்கும் கனகினுமாப் என்ற மருந்தை மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் குறைந்தது உண்மை. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின. ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களிடம் பின்னர் நடந்த பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

மாத்திரை டப்பாவில் பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். 1994இல் வெளியான பின்லாந்து ஆய்வில், புகைபிடிக்கும் ஆண்கள் தினமும் 20 மி.கி. சாப்பிட்டபோது நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது.

அப்பாவுக்கு உண்மையில் தேவை குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன். ஒரு பேக் என்பது 20 சிகரெட் என்ற கணக்கில், 15 சிகரெட்டை 20ஆல் வகுத்து 30 வருடத்தால் பெருக்கினால் 22.5 'பேக் வருடம்'. வயது 50 முதல் 80க்குள், 20 பேக் வருடத்துக்குக் குறையாமல் புகைத்து, விட்டு 15 வருடத்துக்குள் என்றால் ஆண்டுக்கொரு முறை எடுக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவின் 2021 பரிந்துரை. எக்ஸ்ரே இதற்கு ஈடாகாது. முதல் ஸ்கேனில் சிறு முடிச்சு தெரிந்தால் பதற வேண்டாம்; 6 மி.மீ.க்குக் குறைவான திட (முழுக்கக் கெட்டியான) முடிச்சு என்றால் வழக்கமாக அடுத்த ஆண்டு ஸ்கேனே போதும். சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு என்றால் மட்டும் ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.