வாசகர் கேள்வி - பதில்: வகுப்பில் வசூலித்த பணம்

கேள்வி: காசிமேட்டுக்கு அருகில் உள்ள ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வண்டலூர் உயிரியல் பூங்காச் சுற்றுலாவுக்காகப் பிள்ளைக்கு 350 ரூபாய் வீதம் 38 பேரிடம் இரண்டு வாரங்களாகப் பணம் வாங்கி, 13,300 ரூபாயைத் தலைமை ஆசிரியர் அறையில் ஒப்படைத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல், "வைத்துவிட்டுப் போங்கள்" என்றார். மறுநாள் 1,050 ரூபாய் குறைகிறது என்கிறார்கள். என்னிடம் இருப்பது என் கைக்குறிப்பு மட்டும்தான். சத்தமில்லாமல் என் பணத்தைப் போட்டுச் சரிக்கட்டிவிடலாமா?
– ஓர் ஆசிரியை, ராயபுரம்

பதில்: சத்தமில்லாமல் போடாதீர்கள், அம்மா. எழுத்தில் எதுவும் இல்லாமல் நீங்கள் ஈடுகட்டும் பணம், எடுத்தவர் திருப்பி வைத்ததாகத்தான் மற்றவர் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் உங்கள் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். 1,050 என்பது சரியாக மூன்று பிள்ளைகளின் தொகை. எண்ணும்போது கை தவறியிருந்தால், அல்லது யாரோ கட்டிலிருந்து ஒன்றிரண்டு தாளை உருவியிருந்தால், குறைவு இப்படித் துல்லியமாக 350இன் மடங்காக அமைவது அபூர்வம். மூன்று பெயர்களுக்கு எதிரே பணம் வருமுன்பே குறியிட்டிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பகுதியில் இது எளிதில் நேரக்கூடியது. கடலுக்குப் போகும் குடும்பங்கள் மொத்தமாகக் கொடுப்பதில்லை. ஏலம் முடிந்த நாளில் நூறு, அடுத்த வாரம் ஐம்பது என்றுதான் வரும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அதுவும் வராது. முதல் தவணை வந்த அன்றே 'கொடுத்தாயிற்று' என்று குறியிட்டுவிட்டால், மீதி என்னவாயிற்று என்று பிறகு யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே அந்த 38 பெயர்களையும் பெற்றோரிடம் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அப்படியும் குறைவு விளங்காவிட்டால், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தொகையை, யார் முன்னிலையில் வைத்தீர்கள் என்பதைத் தலைமை ஆசிரியருக்குக் கடிதமாக எழுதி, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணாமல் வாங்கி வைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்பதை மரியாதையோடு எழுதுவதில் தவறில்லை.

இனிமேல் வசூலுக்கு முன்பே எழுத்துப்பூர்வமான அனுமதியைக் கேளுங்கள். எதற்காக, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று தலைமை ஆசிரியர் கையொப்பமிட்ட சுற்றறிக்கை இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வியை முடிக்கத் தடையாக அமையக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் பிள்ளை செலுத்த வேண்டியதில்லை என்கிறது. எனவே சுற்றுலாவைப் போல விரும்பியவர் மட்டும் தருவதையும், தந்தே ஆகவேண்டும் என்று கேட்பதையும் சுற்றறிக்கையே பிரித்துச் சொல்ல வேண்டும். தராத பிள்ளையின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருப்பதாகக் கேள்விப்படும்போது எனக்கு மனம் பதறுகிறது.

பணம் கைக்கு வந்த அந்த நொடியிலேயே, ஐம்பது ரூபாயாக இருந்தாலும், வரிசை எண் அச்சிட்ட ரசீது கொடுத்து, அடிக்கட்டையைப் புத்தகத்திலேயே விட்டுவையுங்கள். வகுப்புப் பட்டியலில் குறியிடாமல் தொகையையும் தேதியையும் எழுதுங்கள். அன்று மாலையே இன்னோர் ஆசிரியரை உடன் வைத்து, 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை என்று நோட்டு வகைவாரியாக எண்ணி, இருவரும் கையொப்பமிட்டு அலுவலகத்தில் ஒப்படையுங்கள். வாங்குபவரும் உங்கள் முன்னிலையிலேயே எண்ணிக் கையொப்பமிட வேண்டும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி இல்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையில் வசூல் வைத்தால் பணம் மூன்று இரவுகள் பள்ளியில் தங்கும் என்பதால், அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். பாதுகாப்பு என்று நினைத்துக் கைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவது இதைவிட ஆபத்து. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலின் மாலை நெரிசலில் பை போனால், பையோடு உங்கள் பெயரும் போகும்.

அந்தப் பணத்தைச் சொந்தப் பணத்தோடு கலக்காதீர்கள். 'நாளை வைத்துவிடலாம்' என்று ஒரு நாளுக்கும் கைமாற்றாக எடுக்காதீர்கள். சிறிது காலத்துக்கு மட்டும் கையாடினாலும் அது கையாடலே என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. அரசு ஊழியர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சொத்தில் நம்பிக்கை மோசடி செய்தால், முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 409ஆம் பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 316(5)ஆம் பிரிவிலும், ஆயுள் தண்டனை அல்லது பத்தாண்டு வரை சிறை என்று இருக்கிறது. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நல்லவர்கள்தான் பெரும்பாலும் அலட்சியமாக இருந்து சிக்கிக்கொள்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு பள்ளியில் தேர்வுக் கட்டணத்தை பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் அது காணவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே எல்லாருடைய பார்வையும் அறையைப் பெருக்கும் ஆயாம்மாவின் மேல் விழுந்தது. மூன்றாம் நாள் பழைய வருகைப் பதிவேட்டின் தாள்களுக்கு நடுவே நானே செருகி வைத்திருந்த உறை கிடைத்தது. மன்னிப்புக் கேட்டேன், அவர் "பரவாயில்ல சார்" என்றார். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் நான் உள்ளே இருக்கும்போது அவர் அந்த அறைக்குள் வரவேயில்லை. கணக்கு தளர்ந்திருக்கும் இடத்தில் சந்தேகம் எப்போதும் சம்பளம் குறைந்தவர் மீதே விழும். ரசீது உங்களுக்கு மட்டுமன்றி அவருக்கும் காவல்.

கேள்வி: பெற்றோர் பலரும் என் சொந்த எண்ணுக்கே ஜி-பேயில் அனுப்பிவிடுகிறார்கள். ரொக்கத்தைவிட இதுதானே பத்திரம்?
– ஓர் ஆசிரியர், திருவொற்றியூர்

பதில்: யார் எப்போது அனுப்பினார் என்ற தடயம் இருப்பது உண்மைதான். ஆனால் பள்ளிப் பணம் உங்கள் சம்பளத்தோடு ஒரே கணக்கில் கிடக்கிறது. உங்கள் வீட்டுக் கடன் தவணையை வங்கி தானாகப் பிடித்துக்கொண்டால் பிள்ளைகளின் பணமும் சேர்ந்து போகும். பள்ளியின் பெயரிலோ பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரிலோ உள்ள வங்கிக் கணக்குக்குக் கியூஆர் அட்டை வாங்கி அலுவலகத்தில் மாட்டச் சொல்லுங்கள். இதுவரை வந்ததை இன்றே அந்தக் கணக்குக்கு மாற்றி, உங்கள் கணக்கு அறிக்கையை நகலெடுத்து ஒப்படையுங்கள். அதை ரொக்கமாக எடுத்துக் கொடுக்க வேண்டாம், அப்படிச் செய்தால் இருக்கும் தடயமும் அறுந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ரசீது எழுதாதீர்கள். கணக்கில் வரவு விழுந்ததைப் பார்த்த பிறகே எழுதுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. 'கட்டணம் அனுப்புகிறேன், பின் நம்பரைப் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் அது மோசடி; பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

கேள்வி: வசூலில் வந்த ஒரு 500 ரூபாய் நோட்டைக் கள்ளநோட்டு என்று வங்கியில் சொல்லி எடுத்துக்கொண்டார்கள். என்ன செய்வது?
– ஓர் ஆசிரியை, வியாசர்பாடி

பதில்: வங்கி அதில் முத்திரை குத்தித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், திருப்பித் தராது, ஈடும் தராது. ஆனால் ஒப்புகைச் சீட்டு தந்தாக வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரே முறை செலுத்தும்போது நான்கு நோட்டு வரை என்றால் வங்கி மாத இறுதியில் காவல் துறைக்கு மொத்தமாக அறிக்கை அனுப்பும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால்தான் உடனே வழக்கு, எனவே நீங்கள் அஞ்ச வேண்டாம். 500 ரூபாய் நோட்டு வாங்கும்போது அடிக்கட்டையில் அதன் எண்ணையும் குறித்துவைத்தால், யாரிடமிருந்து வந்தது என்பது தெரியும். தெரிந்தாலும் அந்தப் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள். பெற்றோரை வரச் சொல்லி, ஒப்புகைச் சீட்டைக் காட்டித் தனியே பேசுங்கள், அவரும் எங்கோ ஏமாந்து வாங்கியவராகவே இருப்பார்.