இணைய வசதியுள்ள கார்களே அரிதான நம் ஊரில், வாகனத் தரவும் தனியுரிமையும் பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்வதில் பயன் உண்டா?

உண்டு. திருகோணமலையில் இருந்துகொண்டு நான் அந்த ஆய்வைத்தான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இணைப்புள்ள வாகனம் என்றதும் தானாக ஓடும் காரை நினைக்க வேண்டாம். தவணைக்கு எடுத்த எத்தனையோ ஓட்டோக்களிலும் வேன்களிலும் டாஷ்போர்டுக்கு உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. அதற்குள் ஒரு சிம். வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று அது அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் தகவலைப் பார்ப்பவர் சாரதி இல்லை, வண்டிக்குச் சொந்தக்காரர்.

உப்புவெளியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கும் வேன் சாரதி ஒருவர் சொன்னது இது. ஓட்டம் இல்லாத ஒரு காலையில் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, முதலாளி போனில்: "என்ன தம்பி, ஆஸ்பத்திரியடியில நிக்கிறாய்?" கோபமாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டாராம். ஆனாலும் அன்றிலிருந்து இவர் அம்மாவைக் காசு கொடுத்து வேறு ஓட்டோவில் அனுப்புகிறார். என் ஆய்வு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

தொடக்கத்தில் நான் வேறு வழியில் போனேன். தனியுரிமைக் கவலையை அளக்க 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. இத்துறையில் பலரும் அதைத்தான் எடுப்பார்கள். 1 முதல் 7 வரை ஓர் எண்ணைத் தெரிவு செய்யச் சொல்லும், எண் கூடினால் கவலையும் கூட என்று பொருள். நான் அதைத் தமிழாக்கிக்கொண்டு ஓட்டோ தரிப்பிடங்களுக்குப் போனேன். "தனியுரிமையா? எங்களிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று சிரித்துவிட்டு ஒன்றையோ இரண்டையோ வட்டமிட்டுத் தந்தார்கள். அப்படியே எழுதியிருந்தால், திருகோணமலையில் யாருக்கும் கவலை இல்லை என்று ஆய்வு முடிந்திருக்கும்.

அப்புறம் கேள்வியை மாற்றினேன். "போன கிழமை நீங்கள் போன இடங்களை யாருக்குக் காட்டலாம், யாருக்குக் காட்டக் கூடாது?" அதே ஆட்கள் அரை மணி நேரம் பேசினார்கள். மனுசிக்குக் காட்டலாம், முதலாளிக்கு வேண்டாம். மச்சானுக்கு வேண்டவே வேண்டாம், கடன் கேட்டுப் போன வீடு தெரிந்துவிடும். ஹெலன் நிசன்பாம் என்ற தத்துவ அறிஞர் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்: ஒரு தகவல் எந்தச் சூழலில் கைமாறியதோ, அந்தச் சூழலின் வழக்கத்தை மீறி வேறு கைக்குப் போகும்போதுதான் தனியுரிமை உடைகிறது.

நம் ஊருக்கு இதில் தனிக் கனம் உண்டு. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய் மறுபக்கம் ஏறிய தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்ற கேள்வி அவர்களுக்கு விளம்பர நிறுவனத்தை நினைவூட்டாது, அந்தச் சாவடியைத்தான் நினைவூட்டும். 2022 எரிபொருள் நெருக்கடியில் பெற்றோல் வாங்கும் கியூஆர் அட்டைக்காக வண்டியின் சேசிஸ் இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எல்லோரும் பதிந்தோம். டாங்கியில் பெற்றோல் இல்லாதபோது கொடுத்ததைச் "சம்மதம்" என்று கணக்கெடுப்பது பெரிய பிழை. ஆய்வில் இறங்கினால் இதை மறக்காதீர்கள்.

சரி, பெயரை நீக்கிவிட்டால் போதாதா? போதாது. ஐரோப்பிய நாடு ஒன்றின் 15 லட்சம் பேருடைய கைப்பேசித் தரவை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு நான்கு புள்ளிகள் கிடைத்தாலே 95 சதவீதம் பேரைத் தனித்துக் காட்ட முடிந்தது. 2014இல் நியூயோர்க் டாக்சிப் பயணத் தரவு, வண்டி இலக்கங்களைக் குறியீடாக மாற்றித்தான் வெளியே வந்தது. சில மணி நேரத்தில் ஒருவர் அதை உடைத்துவிட்டார். இலக்கங்களுக்கு ஒரு வடிவம் இருப்பதால், சாத்தியமான எல்லாவற்றையும் குறியீடாக்கி ஒப்பிட்டாலே போதும். மூன்று ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும் உள்ள நம் வாகனத் தகட்டையே எடுங்கள்: மொத்தம் 17 கோடி 57 லட்சத்து 60 ஆயிரம் சேர்க்கைகள். கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை.

சட்டப் பக்கம், இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முழுதாக வாசியுங்கள். வாசிக்கும்போது அந்த வேன் சாரதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி முதலாளியுடையது, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனது யாருடைய தரவு?

கடைசியாக ஒன்று. நேர்காணலுக்குப் போகும்போது சம்மதப் படிவத்தில் "தரவு பாதுகாப்பாக வைக்கப்படும்" என்று மட்டும் எழுதாதீர்கள். கிண்ணியாவில் ஒரு ஐயா அதை வாசித்துவிட்டு, "பிள்ளை, இதை ஆர் ஆர் பார்ப்பினம்?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்போது என் படிவத்தில் நானும் என் மேற்பார்வையாளரும் என்று இரண்டு பேர் மட்டும் பெயரோடு இருக்கிறோம், ஒலிப்பதிவை அழிக்கும் திகதியும் இருக்கிறது. படிவமும் மாற்றிய கேள்விகளும் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.