வீட்டை ஒட்டிய பெரிய மரத்தை அடியிலேயே வெட்டிச் சாய்த்தால் என்ன?

சாய்க்கக் கூடாது, இறக்க வேண்டும். அதாவது நுனியிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் கயிற்றில் கட்டி மெல்லக் கீழே விடுவது. கல்யாணப் பந்தலைப் பிரிப்பது போலத்தான்: முதலில் கீற்று, அப்புறம் குறுக்குக் கழி, கடைசியில் கால்.

காரணம் எடை. ஒரு கன மீட்டர் பச்சை மரம் ஒரு டன்னை நெருங்கும். அடியில் வெட்டினால் கிளை கனத்த பக்கம் சாயப் பார்க்கும். அது உங்கள் மாடியாகவும் இருக்கலாம்.

2011 டிசம்பர் 30இல் தானே புயலைப் பார்த்த கடலூரில், இதை செப்டம்பருக்குள் முடிப்பது நல்லது. மின்கம்பி அருகே போனால், மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே ஆள் ஏற வேண்டும். கட்டை யாருக்கு என்பதைக் கூலி பேசும்போதே பேசிவிடுங்கள். சண்டை அங்கேதான் வரும்.

'மொட்டையடித்தால் போதும், புயலைத் தாங்கும்' என்பார்கள். வெட்டிய இடத்தில் தழைக்கும் புதுக் கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு. பிற்பாடு காற்றில் எளிதில் முறிபவை அவைதான்.